பூசணிக்காய்க்குத் தொண்ணூறு பாயிண்ட்

கடல் கடந்து நாம் குடியேறிய இந்த நாட்டில், ரோவில் என்ற புறநகர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லையென்றால், யார் வீட்டிலோ பிறந்தநாள் என்று நினைத்துவிடாதீர்கள். அது மூலிகானந்த சுவாமிகளின் கராஜ். சுவாமிகளின் சொந்தக் கார் வெளியே வெயிலில் காய்கிறது. உள்ளே அது நிற்கவேண்டிய இடத்தில் நம் மக்கள் நிற்கிறார்கள். பொறியாளர்கள் நிற்கிறார்கள், கணக்காளர்கள் நிற்கிறார்கள், கணினி நிபுணர்கள் நிற்கிறார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசை மட்டும் வெகு ஒழுங்கு!

எதற்காக நிற்கிறார்கள்? சிவமூலிகை நோயாளராகப் பதிந்துகொள்ள. அதாவது கஞ்சா. 'கஞ்சா' என்றால் மானம் போய்விடும். 'சிவமூலிகை' என்றால் மோட்சம் வந்துவிடும். இந்த நாட்டில் தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டரே அதை மருந்தாக எழுதித் தருகிறாராம் என்று எல்லோருக்கும் காற்றுவாக்கில் தெரியும். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வாய் வராத இடத்தில்தான் சாமியார் வருவார்.

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் பிரதீப்குமார். முன்பு விசா ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர். விசாச் சட்டம் அடிக்கடி மாறியதால், என்றும் மாறாத சனீஸ்வரனிடம் தொழிலை மாற்றிக்கொண்டார். பழைய தொழிலில் ஒன்றை மட்டும் விடவில்லை. பாயிண்ட்!

நம்மவர்கள் வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று பாயிண்ட் கூட்டித்தான் இந்த நாட்டுக்குள் வந்தார்கள். அதனால் பாயிண்ட் என்று யார் சொன்னாலும் சட்டம் என்று நம்பிவிடுவார்கள். முழங்கால் வலிக்குப் பத்து. தூக்கமின்மைக்குப் பதினைந்து. துணைவருக்கும் வலியென்றால் ஐந்து. ஏழரைச் சனி நடந்தால், விசாவுக்கு மாநில அரசே சிபாரிசு செய்யும் ஸ்டேட் ஸ்பான்சர் கிடைத்த மாதிரி. அறுபத்தைந்து சேர்ந்தால் மணிக்கட்டில் பச்சைக் கயிறு. நீங்கள் பதிவு பெற்ற நோயாளி. சேரும்வரை, நிரந்தர விசா வரும்வரை தரும் பிரிட்ஜிங் விசா போல, காணிக்கை வைத்து 'பிரிட்ஜிங் எண்ணெய்' பூசிக்கொள்ளலாம்.

பாயிண்ட் போடுவது சுவாமிகள் அல்ல, அவர் கையில் நூலில் தொங்கும் ருத்திராட்சம். சுவாமிகள் நோயாளியைத் தொடமாட்டார், கண் திறந்தும் பார்க்கமாட்டார். ருத்திராட்சம் வட்டமாகச் சுற்றினால் வலி இருக்கிறது. நேராக ஆடினால் அடுத்த வாரமும் வரவேண்டும்.

டண்டினொங்கில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் நித்தியானந்தன் ஐந்து வாரமாக வந்துகொண்டிருந்தார். முதுகுவலி. ஐம்பத்தைந்தில் நின்றுவிட்டார்.

"சாமி, இன்னும் பத்துத்தானே? ஏன் ஏறுதில்லை?"

"டாக்டர் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஓம், பிரஷருக்கு."

"அதான்! இங்கிலீஷ் மருந்து பாயிண்டைத் தின்னுடும். நிறுத்துங்க."

நிறுத்தினார். மாத்திரைகளை மனைவிக்குத் தெரியாமல் கறிவேப்பிலைச் செடி வைத்த சாடி மண்ணுக்குள் புதைத்தார். அடுத்த கிழமை குசினியில் தலைசுற்றி விழுந்தார். கதிரையில் இடித்து நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப்போன மனைவி ரஞ்சினி, மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக இருந்ததைக் கண்டு உண்மையைப் பிடித்துவிட்டார்.

"என்னப்பா இது? செத்துப்போனால் உங்கட சாமி வந்து என்னைப் பாப்பாரோ?"

"கத்தாதையும் ரஞ்சி. கயிறு கிடைச்சவுடனை எல்லாம் சரியாப் போயிடும்."

ரஞ்சினி கத்திப் பார்த்தார், அழுது பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தார். அது சுவாமிகளின் கெட்ட காலம்.

ஞாயிறு வந்தது. நித்தியானந்தன் முன்னாலேயே போய் வரிசையில் நின்றார். சற்றுப் பொறுத்து ரஞ்சினி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் தலையிலிருந்து கால்வரை கம்பளி போர்த்திய ஓர் உருவம். அடியில் சப்பாத்து மட்டும் தெரிந்தது. 'ஐயோ பாவம்' என்று வரிசை தானாக விலகி வழிவிட்டது.

"ஆரெண்டு கேக்காதேங்கோ, சாமி. நான் ஒண்டும் சொல்லமாட்டன். ருத்திராட்சம் சொல்லட்டும்."

சுவாமிகள் கண்ணை மூடினார். ருத்திராட்சம் ஜிவ்வென்று சுற்றியது.

"அம்மாவுக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. ரெண்டு முழங்கால்லயும் வாதம். ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. மருமக சரியில்ல."

மாமியார்கள் சிலர் 'உச்' கொட்டினார்கள்.

"அம்மா, ரொம்ப வலிக்குதா?"

பதில் இல்லை.

"பாத்தீங்களா? வலி முத்திப்போய்ப் பேச்சே நின்னுடுச்சு! அதுக்குத் தனியா இருபது. ஏழரைச் சனி வேற. மொத்தம் தொண்ணூறு!"

கராஜ் அதிர்ந்தது. இதுவரை எண்பதைக்கூட யாரும் எட்டியதில்லை. கைதட்டினார்கள். நித்தியானந்தனின் முகம் மட்டும் சுருங்கியது. வந்த அன்றே தொண்ணூறா!

சுவாமிகள் பச்சைக் கயிற்றை எடுத்தார். "அம்மா, கையை நீட்டுங்க."

"அவ நீட்டமாட்டா, சாமி" என்று ரஞ்சினி கம்பளியை உருவினார்.

கீழே ஒரு மூட்டை அரிசி. மேலே ஒரு பூசணிக்காய்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமிகளும் லேசுப்பட்டவரா என்ன? உடனே சமாளித்தார்.

"காய்கறிக்கும் ஆத்மா இருக்கு! அதோட வேதனை உங்களுக்குத் தெரியாது."

"அப்ப என்ர மனுசனை விடப் பூசணிக்காய்க்கு வருத்தம் கூடவோ? சரி, ஒண்டு செய்யுங்கோ. நூலைக் கையில பிடிக்காதேங்கோ. அந்த சைக்கிள் மாட்டுற கொளுக்கியில கட்டித் தொங்கவிடுங்கோ. சாமி சுத்துதோ, ருத்திராட்சம் சுத்துதோ எண்டு பாப்பம்."

சுவாமிகள் மறுத்தார். ஆனால் தொண்ணூறுக்குக் கைதட்டிய கூட்டமே இப்போது "கட்டுங்க, கட்டுங்க" என்றது. கட்டினார்கள். அதன் கீழே நித்தியானந்தனை உட்காரவைத்தார்கள். ருத்திராட்சம் அசையவில்லை. உண்மையான முதுகுவலி, நெற்றியில் உண்மையான வீக்கம், பத்துப் பேர் உண்மையாகச் செய்த பிரார்த்தனை. அது சிவனே என்று தொங்கியது.

"தெய்வம் கோவிச்சுக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவாமிகள் பக்கவாசல் வழியாக வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கூட்டம் பிரிட்ஜிங் எண்ணெயைத் திறந்து மோந்து பார்த்தது. சுத்தமான நல்லெண்ணெய். அதில் மட்டும் கலப்படம் இல்லை.

மறுநாள் ரஞ்சினி கணவரை டாக்டரிடம் இழுத்துப்போனார். நித்தியானந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை. டாக்டர் சிரிக்கக்கூட இல்லை. பாயிண்டும் கிடையாது, பதிவுக் கயிறும் கிடையாது. தேவையென்று டாக்டர் நினைத்தால் எழுதித் தருவார், அவ்வளவுதான். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, முதுகுக்குப் பயிற்சி செய்யுங்கள், முதலில் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றார். இதைக் கேட்க ஐந்து வாரம்!

ஆனால் அந்த ஞாயிறு கராஜை விட்டுக் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய கம்பெனியில் மென்பொருள் சோதனை அதிகாரியாக இருக்கும் வரதராஜன், ரஞ்சினியின் காருக்கு ஓடிவந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்தப் பூசணிக்காயைக் குடுப்பீங்களா? பூஜை ரூம்ல வைக்கணும். தொண்ணூறு வாங்கினதாச்சே!"

ரஞ்சினி கொடுக்கவில்லை. அன்று மத்தியானமே கறி வைத்துவிட்டார். நானும் சாப்பிட்டேன், நல்ல ருசி.

அந்தப் பூசணிக்காயை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு மூளையில்லை, காலும் இல்லை. யாரோ தள்ளிக்கொண்டு போனதால்தான் அது சாமியாரிடம் போனது. இரண்டும் உள்ளவர்களே, உங்களை யார் ஐயா தள்ளிக்கொண்டு போனது?