பனிக்குள் ஊர்ந்தவர்

காலையில் வாசலில் ஆளுயரம் நின்ற பனிமேட்டைக் காணவில்லை. கூர்தின் தெருவின் இரு பக்கமும் ஓடிப் பார்த்தான். மனைவி செரைனாவின் கருவியை அதற்குள்தான் புதைத்து வைத்திருந்தான்.

பனிச்சரிவில் சிக்கியவர் எங்கே கிடக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும் கருவி அது; புதைந்தவரின் கருவி குறி அனுப்ப, தேடுபவரின் கருவி அந்தத் திசையில் அம்பு காட்டும். மறுநாள் இருவரும் சறுக்குப் பலகையோடு மலைக்குப் போவதாக இருந்தது. "நான் புதைஞ்சா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிப்பியா? செஞ்சு காட்டு, அப்பறம் வர்றேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். ரகசியமாகப் பழகிப் பார்க்கத்தான் புதைத்தான். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் ஊராட்சி வண்டி தெருப் பனியை மொத்தமாக வழித்துக்கொண்டு போயிருந்தது.

தன் கருவியும் மண்வெட்டியும் துழாவும் கம்பியுமாக ஆற்றங்கரைக்கு ஓடினான். ஊர்ப் பனியெல்லாம் அங்கேதான் குவியும். வண்டி ஓட்டும் யாகென் கடைசி நடையைக் கொட்டிவிட்டுக் கையாட்டினார். கூர்தினின் கருவி 'பீப்' என்றது. அப்பாடா!

நாலு குத்துதான் குத்தியிருப்பான். ரொட்டிக்கடை மெங்கியா பார்த்துவிட்டாள்.

"ஐயையோ! உள்ள யாரு?"

"யாருமில்ல. செரைனாவோட..."

"செரைனாவா!"

அவள் போட்ட கூச்சலில் மீட்புக் குழு வந்தது, தீயணைப்பு வந்தது, பாதிரியாரும் வந்தார்.

"அவ வீட்டுல இருக்கா!" என்று கத்தினான் கூர்தின்.

"அதிர்ச்சியில உளர்றான், பாவம்" என்று அவனுக்குப் போர்வை போர்த்தினார்கள்.

முப்பது மண்வெட்டிகள் இறங்கின. யாகென் எல்லாருக்கும் சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அரை மணி கழித்து, மூக்குவரை துணி சுற்றி மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"ஆமா, யாரைத் தேடுறோம்?"

"செரைனாவை."

"எந்தச் செரைனா?" துணியை இறக்கினாள். செரைனாவேதான்.

எல்லாரும் கூர்தினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். "என் கருவியை எடுத்தியா?"

அந்தப் பார்வையைக் கண்டு பொய்யையே சொல்லிவிட்டான். "நானா? இல்லியே!"

"அப்ப உள்ள இருக்கறது வேற யாரோ!" என்றார் குழுத் தலைவர். தோண்டும் வேகம் இரட்டிப்பானது.

கருவியின் அம்பு கிழக்கே காட்டியது. கிழக்கே வெட்டினார்கள். உடனே மேற்கே திரும்பியது.

"நகர்றாரு! உயிரோட இருக்காரு!"

"ஊர்ந்து போறாருப்பா! தைரியமா இருங்க, வந்துட்டோம்!" என்று பாதிரியார் பனிக்குள் வாய் வைத்துக் கத்தினார்.

அம்பு வடக்கே போனது, தெற்கே வந்தது. மாதா கோயில் உயரக் குவியல் தரைமட்டமானது. உள்ளே ஒரு கையுறைகூட இல்லை. கூர்தின் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

யாகென் தேநீர்க் கெண்டியோடு அவனிடம் வந்தார். அம்பு நேராக அவரைக் காட்டியது.

"குடி தம்பி" என்றவர், சட்டைப் பையைத் துழாவினார். "அப்பறம், இந்த அவசரத்துல கேக்கக் கூடாதுதான்... காலையில பனி அள்ளறப்ப இது கெடந்துச்சு, அப்பலேர்ந்து மினுக்மினுக்குனு எரியுது, எப்படி அணைக்கறதுன்னு தெரியுமா?"