ஹானாவுக்கு ஒரு அர்ச்சனை

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணங்களுக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார்கள். ஆனால் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஓர் அமெரிக்க மேயரின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்பதற்காக விரதம் இருந்தவர், எனக்குத் தெரிந்து எங்கள் மேயர் அண்ணை ஒருவர்தான்.

விரதத்தோடு விட்டாரா? ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில் மாறி ஆர்ச்வே முருகன் கோயில் வரைக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர்?" என்றார்.

"ஹானா."

"நட்சத்திரம்?"

"விசாகம்."

நான் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தேன். அவர் என் காதருகே குனிந்து, "அந்த அமெரிக்க மேயர் தமையனுக்கு எழுதின கடிதத்திலை பிள்ளை பிறந்த நாளும் நேரமும் கிடந்தது, தம்பி. அமெரிக்க நேரத்தைக் கூட்டிக் கழிச்சுப் பாத்தனான். மூண்டாம் பாதம்" என்றார்.

ஐயர் துளியும் அசரவில்லை. லண்டன் ஐயர்கள் எதையெல்லாமோ கேட்டுப் பழகியவர்கள். ஹானாவுக்கு அர்ச்சனை குறையில்லாமல் நடந்தது.

வெளியே வந்ததும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பிள்ளை எப்படியும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் லா."

"அது வேறை கதை" என்றார், விபூதியை என் நெற்றியிலும் பூசிவிட்டு. "வயசு போய்ச் சாகட்டும். காய்ச்சலிலை சாகக் கூடாது."

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்த சின்னக் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். பழைய கையெழுத்துக் கடிதங்களைக் கணினியில் தட்டச்சு செய்வது வேலை. நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வழக்கறிஞராவதற்காக லண்டன் வந்தவன். வந்த முதல் மாதமே ஒரு நண்பனிடம் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் அணியும் விக்கை இரவல் வாங்கி, தலையில் வைத்துப் படம் எடுத்து, அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு பாக்கி இருந்தது பரீட்சையில் தேறுவது மட்டும்தான். அது இன்றுவரைக்கும் பாக்கி.

மேயர் அண்ணை யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கம். ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். கலியாணம் முடித்து ஒரு வருடத்தில் மனைவியை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்தவர். வந்து ஏழு வருடம். ஒருவழியாக இங்கே இருக்க அனுமதி கிடைத்து, மனைவியைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருந்தார். தினமும் காலையில் வேலைக்கு வந்தவுடன் அவர் சொல்லும் முதல் வாக்கியம்: "தபால்காரன் இண்டைக்கும் பீட்சாக்கடை நோட்டீஸ்தான் போட்டவன்."

எங்களுக்கு வந்திருந்தது அமெரிக்காவில் ஒரு ஆற்றங்கரை நகரத்து மேயரின் கடிதக் கட்டு. அந்த மனிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியதும் அவருக்கு வந்ததும் எல்லாம் படம் பிடிக்கப்பட்டு, வாரம் ஒரு டிஸ்க் என்ற கணக்கில் திங்கட்கிழமைகளில் வரும். நாங்கள் அச்செடுத்து, வாசித்து, தட்டச்சு செய்து, அரசியல் கடிதம் என்றால் நீல ட்ரேயிலும் குடும்பக் கடிதம் என்றால் மஞ்சள் ட்ரேயிலும் போட வேண்டும். இரண்டே ட்ரே. குழந்தைகூடச் செய்யும் வேலை.

மேயர் அண்ணைக்கு மட்டும் ஏலவில்லை.

"மேயற்றை மச்சான் தனக்குத் தெருவிளக்குப் பரிசோதகர் வேலை கேட்டு எழுதியிருக்கிறார். இது குடும்பமோ அரசியலோ?"

"அரசியல்" என்றார் சூப்பர்வைசர் மார்கரெட். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மனிதர்களைப் பார்க்கும் பழக்கமுள்ள ஆங்கிலேயப் பெண்மணி.

"அடுத்த பக்கத்திலை, வேலை குடுக்காட்டில் அக்கா மூண்டு நாளைக்கு உம்மோடை கதைக்கமாட்டா எண்டு வெருட்டியிருக்கிறார். அப்ப?"

"...குடும்பம்."

"எங்கடை ஊரிலை ரெண்டும் ஒரே கோப்புத்தான், அம்மா."

இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தமிழில் வந்தது. மார்கரெட்டுக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னேன். பலனில்லை. அண்ணை அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு காலிப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து இரண்டு ட்ரேக்கும் நடுவில் வைத்தார். பிரிக்க முடியாதவை எல்லாம் அதற்குள் போயின. ஒரு மாதத்தில் நீல ட்ரேயும் மஞ்சள் ட்ரேயும் காற்று வாங்கின, டின் நிரம்பி வழிந்து மூட முடியவில்லை. கட்டு முடிய இவரால் தாமதமாகிறது என்று மார்கரெட் முறைத்துக்கொண்டே இருந்தார்.

மேயர் என்ற பெயர் அவருக்கு வந்தது வேறு வழியில். அந்தக் கடிதங்களை வாசித்து வாசித்து அவருடைய ஆங்கிலம் முழுக்க அந்தக் காலத்து ஆங்கிலமாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை. அதன் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அண்ணை கவுன்சிலுக்கு எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு குட்டையைச் சமர்ப்பிக்கும் பாக்கியம் பெறுகிறேன்.' கடைசியில், 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.' கவுன்சிலில் இதை வாசித்தவர் பயந்தாரோ உருகினாரோ தெரியாது, பத்தாம் நாள் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து மரக்கறிக் கடைக்காரர் முதல் நகைக்கடை வாசல்காரர் வரை எல்லாருக்கும் அவர் மேயர்.

ஹானாவுக்கு வருவோம். அர்ச்சனை செய்த வெள்ளிக்கும் அடுத்த டிஸ்க் வந்த திங்களுக்கும் நடுவே அண்ணை நல்ல சாப்பாடு சாப்பிடவில்லை. திங்கள் காலை டிஸ்க்கைப் போட்டு முதல் ஆளாக வாசித்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் தட்டச்சை நிறுத்திவிட்டு ஹானாவுக்காக வேண்டிக்கொண்டேன். நம்புங்கள், நானும்தான். கால் மணி நேரத்தில் உழுந்து வடைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"பிள்ளை கஞ்சி குடிச்சிட்டுது."

மார்கரெட் வடையைக் கையில் வைத்துக்கொண்டு விசேஷம் என்னவென்று கேட்டார். அண்ணை இரண்டு தாள்களை அவர் முன்னால் விரித்தார். இரண்டிலும் ஒரே தேதி. ஒன்று, மேயர் நகரசபைக்கு எழுதியது: காலில் வாதம் வந்து நடக்க முடியவில்லை, முக்கியமான வாக்கெடுப்புக்கு வர இயலாது. மற்றது தன் தங்கைக்கு எழுதியது: மூன்று இரவாக ஹானாவின் கட்டிலருகே இருக்கிறேன்.

"இதை நீலத்திலை போட்டா இந்த மனுசன் நோயாளி. இதை மஞ்சளிலை போட்டா சும்மா ஒரு தேப்பன். ரெண்டையும் சேர்த்து வைச்சாத்தான் இவர் பிள்ளைக்காகப் பொய் சொன்னவர், பதவியையும் பணயம் வைச்சவர் எண்டு தெரியும். நீங்கள் பிரிக்கச் சொல்லுறியள்."

மார்கரெட் இரண்டு தாளையும் வாசித்தார். வடையைத் தின்று முடித்தார். தானே எழுந்து போய், பிஸ்கட் டின்மேல் ஒட்ட ஒரு லேபிள் அடித்துக்கொண்டு வந்தார்: 'இரண்டும்.'

அதே வாரம்தான் தபால்காரன் பீட்சாக்கடை நோட்டீஸ் அல்லாத ஒன்றைப் போட்டான். விசா மறுப்பு.

அண்ணை மனைவிக்கு எழுதிய கடிதங்களின் கார்பன் பிரதிகளை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். கந்தோர்ப் பழக்கம், பிரதி எடுக்காமல் எதையும் அனுப்பமாட்டார். அவற்றின் ஆங்கிலச் சுருக்கத்தை வாசித்த அதிகாரி, இது கணவன் மனைவிக்கு எழுதிய மாதிரி இல்லை, வீட்டுக்காரர் காவல்காரருக்கு எழுதிய மாதிரி இருக்கிறது, உறவு தொடர்வதாக நம்ப முடியவில்லை என்ற பொருளில் எழுதியிருந்தார்.

அப்பீலுக்காக அந்தக் கடிதங்களை முழுவதும் ஆங்கிலமாக்கும் வேலை என்னிடம் வந்தது. வாசித்தேன். அதிகாரியைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஏழு வருடக் கடிதங்களிலும் கிணற்றடிதான். 'கிணத்தடி இரண்டாம் படியில் பாசி. சாம்பல் போட்டுத் தேய்க்கவும். பொழுதுபட்டால் உமக்குக் கண் பார்வை மட்டம். இடது பக்கத்தால் இறங்கவும். இப்படிக்கு...' அவ்வளவுதான். அன்பே இல்லை, ஆருயிரே இல்லை.

நான் விக் வைத்துப் படம் எடுத்தவன் அல்லவா? உண்மையை அலங்கரிப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் தலையிலும் 'என் உயிரினும் இனியவளே' என்று போட்டேன். காலில் 'ஆயிரம் முத்தங்களுடன்.' அண்ணையிடம் பெருமையாக வாசித்தும் காட்டினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "முத்தமோ? ஐயோ, கடிதம் பிரிக்கிறது மாமா! பிரிச்சு, சத்தமாய் வாசிப்பார். பக்கத்து வீட்டுச் சனமும் கேட்டுக்கொண்டு நிக்கும்!"

"அதனாலதான் நீங்க எழுதலைன்னு புரியுது. இப்ப நான் சேர்த்துட்டேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"இது ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப நீரே கட்டிக் கூட்டி வாரும்" என்று தாள்களை என் மடியில் போட்டார். "எழுதினதை எழுதினபடி போடும். அவவுக்கு எழுதாத கடிதத்தைக் காட்டி அவவைக் கூப்பிடேலாது."

"எழுதினபடி போட்டா அவங்க வரவே முடியாது, அண்ணே!"

அவர் தன் மேசைக்குப் போய்விட்டார். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. பிஸ்கட் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. பரீட்சை எழுதுபவனுக்கு எல்லாம் மெதுவாகத்தான் ஏறும்.

"அண்ணே, நீங்க எழுதினதை மட்டும்தானே கொடுத்தீங்க. அவங்க எழுதின பதில் எங்கே?"

"அது... வீட்டிலை கிடக்கு."

"ஏன் கொடுக்கலை?"

"அவ எழுதினதை வெள்ளைக்காரன் வாசிக்கிறதோ?"

"ஒரு ட்ரே மட்டும் கொடுத்தா எப்படி விளங்கும்? மார்கரெட்டுக்கு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

இரண்டு நாள் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு ஒரு பையை என் மேசையில் வைத்தார். மாமனார் வரும் கடிதங்களைத்தான் வாசிப்பார். போகும் கடிதங்களை வாசிப்பதில்லை. எனவே அந்த அம்மா தாராளமாக எழுதியிருந்தார். கையில் கிடைத்த முதல் கடிதத்திலேயே இப்படி இருந்தது: 'பாசி தேய்த்துவிட்டேன் என்று, உங்கள் கடிதத்தை வாசித்த ஐயாவுக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறேன். முழுவதும் தேய்த்துவிட்டால் அடுத்த கடிதத்தில் நீங்கள் எதைப் பற்றி எழுதுவீர்கள்?'

நான் அதை ஆங்கிலமாக்கினேன். ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை.

அப்பீல் விசாரணைக்கு நானும் போயிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தும், அண்ணை அவரைப் பொருட்படுத்தாமல் மேயர் ஆங்கிலத்திலேயே பொழிந்தார். ஒவ்வொரு பதிலும் 'சமர்ப்பிக்கும் பாக்கியம் பெறுகிறேன்' என்று தொடங்கியது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு ரசித்துக் கேட்டார். அரசு தரப்பு அதிகாரி மட்டும் ரசிக்கவில்லை. ஏழு வருடத்தில் ஒரு தடவையாவது மனைவியைப் பிரிந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று எழுதினீர்களா என்று கேட்டார்.

"இல்லை, ஐயா."

"அந்தப் படியைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு?"

அண்ணை வாயைத் திறந்தார். மேயர் ஆங்கிலம் வரவில்லை. அந்த மேயரிடம் இதற்கு வாக்கியம் இருந்திருக்காது. தமிழில் சொன்னார்.

"அவ விழுந்தா தூக்கிறதுக்கு நான் அங்கை இல்லை."

காலையிலிருந்து சும்மா இருந்த மொழிபெயர்ப்பாளருக்கு அன்று இருந்த ஒரே வேலை அதுதான். அதை அவர் ஒரு சொல் கூட்டாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அந்தப் பாசி மூலைக் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை வாசித்தார்.

முடிவு சில வாரங்களில் தபாலில் வந்தது. அன்று அண்ணை என் மேசையில் ஒரு வடைப் பொட்டலத்தை வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். ஏழு வருடப் பிரிவு, ஓடி வருவார்கள், கண்ணீர் பெருகும் என்று கைக்குட்டையோடு போனேன். அந்த அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணை, "பிரயாணம் எப்பிடி?" என்றார். அவர், "பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன்.

ரயிலுக்கு இறங்கும் ஓடும் படிக்கட்டின் முன்னால் அண்ணை சட்டென்று நின்றார். "இஞ்சரும், கவனம். இந்தப் படி ஓடும். இடது கையாலை பிடியும்."

அந்த அம்மா படியை மேலும் கீழும் பார்த்தார். "இதிலை பாசி இல்லைத்தானே?"

மேயர் அண்ணை சிரித்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வழி கேட்டு நிற்கும் அளவுக்குச் சிரித்தார்.

பிறகு அவர்கள் லண்டனின் இன்னொரு மூலையில் இருக்கும் கோலியர்ஸ் வுட்டுக்கு வீடு மாறிப் போனார்கள். அமெரிக்கக் கட்டும் முடிந்து கம்பெனியும் மூடப்பட்டது. போகும்போது அண்ணை அந்தப் பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒன்றும் இல்லை, மேலே லேபிள் மட்டும் இருந்தது. எனக்கு அவர் உறவுமில்லை, ஊருமில்லை. போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார். ஆனால் எப்போதாவது என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் நாலாம் நாள் ஒரு கடிதம் வரும்.

போன மாதமும் வந்தது. நலமா என்றுகூட இல்லை. 'உமது வீட்டு மாடிப்படியில் மூன்றாம் படியில் கம்பளம் கிளம்பியிருக்கக் கண்டேன். தாமதியாமல் ஆணி அடிக்கவும்.'

கடிதத்தை டின்னில் வைத்தேன். அன்றே சுத்தியலை எடுத்து ஆணியும் அடித்தேன். ஓரத்தில் ஒன்றை மட்டும் அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.