ரெண்டு படி வழக்கும் கம்பெனி வக்கீலும்

மகளை வக்கீலுக்குப் படிக்க வைக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. கௌரவத்துக்காகப் படிக்க வைப்பார்கள். நல்ல மாப்பிள்ளை வருவான் என்று படிக்க வைப்பார்கள். ரெண்டு படிக்கட்டுக்காகப் படிக்க வைத்தவர் சைதாப்பேட்டை அம்மாசி ஒருத்தர்தான்.

அந்த ரெண்டு படியும் பக்கத்து வீட்டுத் தமிழ்மாறனுடையவை. தமிழ்மாறன் வேறு யாருமில்லை, அம்மாசியின் மனைவி சுலோச்சனாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மாடி கட்டினான். மாடிக்குப் படி வைத்தான். கொத்தனார் கணக்குத் தப்பினாரோ, மச்சான் கணக்காகத்தான் வைத்தானோ, கடைசி ரெண்டு படி அம்மாசி வீட்டுச் சுவரோரம் வந்து இறங்கிவிட்டது. அந்தச் சுவரோர நிழலில்தான் அம்மாசியின் இஸ்திரி வண்டி நின்றுகொண்டிருந்தது. படி வந்ததும் வண்டி நகர்ந்தது. நகர்ந்த வண்டி வெயிலில் நின்றது. மேலே சூரியன், கீழே பெட்டிக்குள் கரி, நடுவில் அம்மாசி. பதினெட்டு வருஷமாக அவருக்கும் சேர்த்துத்தான் இஸ்திரி நடக்கிறது.

அன்றிலிருந்து மச்சானோடு பேச்சு கிடையாது. கல்யாணம் காரியத்தில் ஒரே பந்தலில் உட்கார நேர்ந்தாலும் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அவன் கிண்டிக்கு பஸ்ஸில் போனால் இவர் ரயிலில் போவார். அவன் வீட்டில் கறி மணக்கிற ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டில் பிடிவாதமாகக் கருவாடு.

கேஸ் போட்டிருக்கலாம். வண்டி நிற்பது கோர்ட்டுக்குப் போகிற வழி. வக்கீல்கள் எல்லாரும் வாடிக்கைக்காரர்கள். ஒவ்வொருவரிடமும் படி விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொருவரும் ஃபீஸைச் சொன்னார்கள். அம்மாசி அவர்கள் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுத் தன் வாயையும் மடித்துக்கொண்டார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வெளியில் வக்கீல் வைத்தால்தானே ஃபீஸ்? வீட்டிலேயே ஒன்றை வளர்த்துவிட்டால்?

வளர்த்தார். மகள் அன்புச்செல்வி அஞ்சு வருஷம் சட்டம் படித்தாள். பதிவு செய்துகொண்ட அன்று அவளுடைய கறுப்பு கவுனுக்கு அம்மாசியே இஸ்திரி போட்டார். மடிப்பில் கை வைத்தால் அறுக்கும். தன் திட்டத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுலோச்சனாவுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும்.

மகளுக்கு ரெண்டு இடத்தில் வேலை கூப்பிட்டார்கள். ஒன்று, மயிலாப்பூர் ராகவேந்திரன் வக்கீலிடம் ஜூனியர். இன்னொன்று, தரமணியில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவு.

"ராகவேந்திரன் சார்கிட்டயே சேர்த்துரலாம்," என்றார் அம்மாசி. "வக்கீலுன்னா கோர்ட்டுலதான் நிக்கணும். அதான் கெத்து."

சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். சண்டை வரவில்லை.

"ஆமாயா," என்றாள் சுலோச்சனா. "அதான் கரெக்டு."

"இன்னாது?"

"கோர்ட்டுக்கே அனுப்பு. தம்பியும் அதான் சொல்லுச்சு."

"எந்தத் தம்பி?"

"எனக்கு இன்னா, பத்துத் தம்பியா கீறாங்க? மாறன்தான். 'அக்கா, கோர்ட்டுதான் பெஸ்ட்டு. கம்பெனி கிம்பெனின்னு அனுப்பிடாதீங்க'ன்னுச்சு."

"என் பொண்ணு எங்க போனா அவனுக்கு இன்னா?"

"தாய்மாமன்யா. பேசக்கூடாதா?"

அம்மாசி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். மச்சான் ஒன்றைச் சொல்கிறான் என்றால் சும்மா சொல்ல மாட்டான். மாடி கட்டும்போதுகூட 'உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இருக்காது மாமா' என்று சொல்லிவிட்டுத்தான் கட்டினான்.

மறுநாள் முதல் அம்மாசி விசாரணையில் இறங்கினார். எந்த வக்கீலுக்கு எவ்வளவு வருமானம்? அவர் படித்தது அஞ்சாங்கிளாஸ். ஆனால் ஒரு ஆளின் வருமானத்தைச் சட்டைக் காலரில் படித்துவிடுவார்.

முதலில் ராகவேந்திரனே வந்தார். கவுனைக் கொடுத்தார். அது கறுப்பு போய் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. காலர் தேய்ந்து, திருப்பித் தைத்திருந்தது.

"சார், ஜூனியருக்கு மாசம் இன்னா தருவீங்க?"

"பதினஞ்சாயிரம் தரேன். நான் ஜூனியரா இருந்தப்போ என் சீனியர் பஸ் காசு மட்டும் தருவார். அதுவும் கோர்ட்டுக்குப் போறதுக்கு. திரும்பறச்சே நடந்துண்டுதான் வருவேன்."

"இப்ப உங்களுக்கு எவ்ளோ சார் வருது?"

"ஒரு மாசம் லட்ச ரூபா வரும். அடுத்த மாசம் ஆத்துல அரிசிக்குக் கேட்டா கேஸ் கட்டைத்தான் காட்டணும். இது மழை மாதிரி அம்மாசி. பேஞ்சா உண்டு. ஆமா, உன் படி கேஸ் என்னாச்சு? போட்டுட்டியா?"

"போடணும் சார். போட்டா எத்தினி நாளு ஆவும்?"

"படி தேயற வரைக்கும் நடக்கும்."

பத்து நாளில் அம்மாசி ஏழெட்டு வக்கீல்களைப் படித்து முடித்தார். கையெழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற நோட்டரிக்கு மூணே சட்டை, மூணிலும் பாக்கெட்டில் சீல் மைக்கறை. சர்க்கார் வக்கீலுக்குச் சம்பளம் அம்பதுக்கு மேல் வரும். ஆனால் பரிட்சை எழுதிப் பாஸாக வேண்டும், பரிட்சை எப்போது வரும் என்பது பரிட்சை வைக்கிறவர்களுக்கே தெரியாது. பேங்க் சட்ட அதிகாரிக்கு நல்ல சம்பளம், நல்ல சட்டை. பாவம், ராஞ்சிக்கு மாற்றல் வந்து, அந்த ஊரில் இஸ்திரி என்ன விலை என்று அம்மாசியிடமே விசாரித்துவிட்டுப் போனார். ஹைகோர்ட்டில் ஒரு வாய் திறக்க லட்சம் வாங்குகிற பெரிய தலைகளும் இருக்கிறார்களாம். அவர்கள் சட்டை வண்டிக்கு வராது. அதனால் அம்மாசி அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியாக நிரஞ்சன் வந்தான். எதிர் அபார்ட்மெண்டில் குடியிருக்கிறவன். வாரம் பத்துச் சட்டை. நீலம், கட்டம், பிஸ்தா பச்சை. ஒரு பொத்தான் அறுந்தது கிடையாது.

"சார், நீங்களும் வக்கீல்தானே?"

"ஆமாண்ணே. தரமணியில கம்பெனி வக்கீல்."

"சம்பளம் இன்னா சார் வரும்? தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்காகக் கேக்குறேன்."

"எனக்கு இப்ப ஒண்ணே முக்கால் லட்சம் வருது. புதுசா சேர்ந்தா அறுபதாயிரம்."

"வருசத்துக்கா?"

"மாசத்துக்குண்ணே."

பெட்டி அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, சட்டை! சட்டை!"

பிஸ்தா பச்சையில் ஒரு கருகல் விழுந்தது. அம்மாசி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடுத்த கேள்வியையும் கேட்டார். "சார், மத்தவங்கல்லாம் கவுன், கறுப்பு கோட்டு குடுக்கிறாங்க. நீங்க ஒரு நாளும் குடுத்ததில்லையே?"

"எங்களுக்கு அதெல்லாம் தேவையே இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு, போன் வந்ததால் நிரஞ்சன் காதில் வைத்துக்கொண்டே போய்விட்டான்.

தேவையே இல்லை! அம்மாசிக்குப் புல்லரித்தது. கவுன் போடாமலே ஜட்ஜ் முன்னால் நிற்கிற வக்கீல்! ராகவேந்திரன் முப்பது வருஷமாகக் கத்திரிக்காய் கவுனில் வேகிறார். இவன் பிஸ்தா பச்சையில் போய் நின்று ஜெயித்துவிட்டு வருகிறான். அப்படியானால் எவ்வளவு பெரிய வக்கீலாக இருக்க வேண்டும்?

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. மச்சான் ஏன் கோர்ட்டுக்கு அனுப்பச் சொன்னான்? பதினஞ்சாயிரம் ரூபாய் வக்கீல் போடுகிற கேஸுக்கு எவன் பயப்படுவான்? அறுபதாயிரம் ரூபாய் வக்கீல் நோட்டீஸ் விட்டால் அந்த ரெண்டு படியும் தானாகவே எழுந்து மாடிக்கு ஏறிவிடும். அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறான் ராஸ்கல்.

வண்டியை மூடிவிட்டு நேரே வீட்டுக்குள் போனார்.

"கம்பெனிதான். முடிவு பண்ணிட்டேன்."

"ஐயையோ, வேணாம்யா. தம்பி வருத்தப்படும்."

"வருத்தப்படணும்! அதுக்குத்தான்!"

"கோர்ட்டுன்னா கெத்துன்னு நீதான சொன்ன?"

"அது போன வாரம்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, 'நீதாண்டி அனுப்புன'ன்னு என் மேல பாய்வே."

"சத்தியமா மாட்டேன். இது என் முடிவு."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? தெருவுல நாலு பேருக்குத் தெரியிற மாதிரி சொல்லு. அப்பதான் நம்புவேன்."

தண்ணி லாரி வந்து தெருவே குடத்தோடு நின்ற நேரம். அம்மாசி வாசலில் நின்று கை தூக்கி அறிவித்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! என் பொண்ணு கம்பெனி வக்கீலுக்குப் போறா! யார் சொல்லியும் இல்ல! நான் சொன்னேன்! நான்!" கடைசி 'நான்' மட்டும் பக்கத்து மாடியைப் பார்த்து.

அன்புச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

வாரக் கடைசியில் சுலோச்சனா ஒரு நீளக் கவரைக் கொடுத்தாள். "பொண்ணு வேலை விசயமா அனுப்பணுமாம். ஸ்பீடு போஸ்ட்டுல போட்டுட்டு ரசீதைப் பத்திரமா கொண்டா." அம்மாசி புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்று அனுப்பிவிட்டு வந்தார்.

முதல் சம்பளம் வந்தது. அறுபது. அன்றைக்குச் சாயந்திரம் அம்மாசி பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். பதினெட்டு வருஷச் சரக்கு. பட்டா நகல். ரெண்டு படியும் வெயிலில், ரெண்டு படியும் மழையில், வெள்ளம் வந்த வருஷம் தண்ணிக்கு மேலே தலைநீட்டிய ஒரு படி என்று விதவிதமான போட்டோக்கள்.

"இன்னா நைனா இது?"

"கேஸு. சனிக்கிழமை லீவுதானே? போய்ப் போட்டுட்டு வந்துரு."

"என்னால போட முடியாது நைனா."

"மாமன்னு பாக்குறியா?"

"அதில்ல. மாசச் சம்பளத்துக்குக் கம்பெனியில சேர்ந்துட்டா கோர்ட்டுல கேஸ் நடத்தக் கூடாது. ரூல் அப்படி. இனிமே பிராக்டிஸ் பண்ண மாட்டேன்னு பார் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்தாச்சு."

"யாரை ஏமாத்துற? சர்க்கார் வக்கீலும்தான் சம்பளம் வாங்குறாரு!"

"அவருக்குச் சர்க்கார் கேஸை நடத்துறதுதான் வேலை. எனக்கு வேலை கம்பெனியில ஒப்பந்தம் எழுதுறது, படிக்கிறது. கோர்ட்டு கேஸுன்னா வெளிய இருந்து வேற வக்கீல் வைப்பாங்க."

"அப்போ நிரஞ்சன் சாரு?"

"அவரும் அப்படித்தான். கோர்ட்டுக்கே போறதில்ல, அப்புறம் எதுக்கு கவுன்?"

அம்மாசி போட்டோக்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எப்ப எழுதிக் குடுத்த?"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "நீதான்யா போய்ப் போஸ்ட் பண்ண. ரசீது எங்கிட்டதான் கீது. காட்டட்டா?"

"அடிப்பாவி! உனக்கு முன்னாடியே தெரியுமா?"

சுலோச்சனா கரண்டியோடு வெளியே வந்தாள். "அவளைக் காலேஜுல சேர்த்த அன்னிக்கு நீ அந்தப் படியைப் பார்த்துச் சிரிச்ச பாரு, அன்னிக்கே தெரியும். பொண்ணு போடுற மொத கேஸே தாய்மாமன் மேலயா போடணும்? நீ எந்த வக்கீலுக்கு எவ்ளோ சம்பளம்னு பத்து நாளு விசாரிச்ச. எந்த வக்கீலால கேஸ் போட முடியாதுன்னு நான் அஞ்சு வருசமா விசாரிச்சேன்."

அன்றிரவு அம்மாசி சாப்பிடவில்லை. சாப்பிடச் சொல்லி யாரும் கெஞ்சவும் இல்லை.

காலையில் வண்டியைத் திறந்து கரியை மூட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தமிழ்மாறன் இறங்கி வந்தான். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் பெரிய துணி மூட்டை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எதிரே வந்து நின்றான். தெருவும் குடத்தோடு நின்றது.

"மாமா," என்றான். "அக்கா எல்லாம் சொல்லுச்சு. நீங்க நெனைச்சிருந்தா பொண்ணை வெச்சு என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கலாம். அது நடக்கக் கூடாதுன்னுதான் நீங்களே பிடிவாதமா கம்பெனிக்கு அனுப்புனீங்களாமே. அன்னிக்கு வாசல்ல நின்னு கத்துனீங்களே, நான் மாடியில நின்னு அழுதுட்டேன் மாமா."

"நீதானேடா அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பச் சொன்ன?"

"நானா? எங்கிட்ட யாரு மாமா கேட்டாங்க?"

அம்மாசி திரும்பிப் பார்த்தார். வாசலில் சுலோச்சனா முறத்தில் இருந்த அரிசியில், இல்லாத கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் தெருவுக்கு முன்னால் முட்டாள். சொல்லாவிட்டால் பெரிய மனசுக்காரர். அம்மாசி எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார்.

"அட, விடு மச்சான்," என்றார். "சொந்தத்துக்குள்ள இன்னா கேஸு."

தமிழ்மாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணி மூட்டையை வண்டி மேல் வைத்தான். "இத்தினி வருசமா பஜார் ரோட்டுலதான் குடுத்துக்கினு இருந்தேன். இனிமே உங்களை வுட்டு எங்கயும் போக மாட்டேன் மாமா."

மூட்டையில் பதினோரு சட்டை, ஏழு பேண்ட், ஆறு புடவை, நாலு பெட்ஷீட். அம்மாசி பெட்டியைத் தூக்கினார். வாசலில் இருந்து குரல் வந்தது.

"யோவ், தம்பிகிட்ட காசு வாங்கிடாத!"