நிரம்பாத பெட்டி

மருத்துவமனையின் எட்டு மாடியிலும் ஒரே பேச்சு. எத்தனை ஸ்கேன் படம் போட்டாலும் நிரம்பாத பெட்டி வந்திருக்கிறதாம்! கொண்டுவந்தவரைக் 'கொள்ளளவுச் சித்தர்' என்றார்கள். காவி கிடையாது, கோட்டு உண்டு. படம் வைக்க இடமில்லாமல் தவித்த டாக்டர்கள் சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஏன் கழற்றினார்கள்? முன்னால் நின்றவர் கழற்றியிருந்தார்.

இருபது வருஷப் படங்களும் ஒரே வாரத்தில் உள்ளே போயின. பெட்டி நிரம்பிய அளவு திரையில் திங்கட்கிழமை முப்பது சதவீதம். வெள்ளிக்கிழமையும் முப்பதுதான். தலைமை டாக்டருக்குப் புல்லரித்தது.

படச் சேமிப்புப் பிரிவின் பொறியாளருக்கு வயிறுதான் எரிந்தது. தேவைக்கேற்ப ஒவ்வொரு பெட்டியாகச் சேர்க்கலாம், எல்லாவற்றுக்கும் வேறு கட்டடத்தில் ஒரு பிரதி வைக்கலாம் என்று அவள் எழுதிக்கொடுத்த திட்டம், யாரோ ஒருவரின் மேசைக்கால் ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை படங்களை வைத்திருந்த பழைய பெட்டிகளை ஏற்றிப்போக, அன்று நாலு மணிக்குப் பழைய இரும்புக் கடை வண்டி வருவதாக இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு டாக்டரிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. ஒரு தையல்காரம்மாவின் நுரையீரலில் புள்ளி. ஆறு வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அது இருந்தால் பயமில்லை. இல்லையென்றால் நாளைக்கே நெஞ்சைத் திறக்க வேண்டும்.

"அந்தப் படத்தை எடுத்துக் குடுங்க," என்றாள் சித்தரிடம்.

"நாப்பது நாள் எதையும் திருப்பிக் கேக்கக் கூடாதும்மா. பெட்டி செரிச்சிட்டிருக்கு."

"அந்தம்மாவை நாப்பது நாள் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கச் சொல்லவா?"

தலைமை டாக்டரே திரையில் அந்தப் படத்தைத் திறந்தார். பெயர் இருந்தது, தேதி இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். இன்னொன்றைத் திறந்தார். அதுவும் சாம்பல்.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல இருந்தா இப்படித்தான்," என்றார் சித்தர்.

"நான் வெளியே போறேன். நீங்க திறந்து பாருங்க சார்."

போனாள். சாம்பல் அசையவில்லை.

திருப்புளியோடு திரும்பினாள். மூடியைக் கழற்றினால், உள்ளே உள்ளங்கையளவு டிஸ்க் ஒன்று. கனத்துக்கு நாலு செங்கல். புதுப் படம் வர வர பழையதை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவைக்கும் மகத்தான தத்துவம். அப்புறம் எப்படி நிரம்பும்? சித்தரைக் காவலாளி பிடித்துக்கொண்டார்.

அவள் படியில் தடதடவென்று இறங்கிப்போய் வண்டியை மறித்தாள். பழைய பெட்டியை இறக்கி, மாட்டி, தேடினாள். படம் வந்தது. புள்ளி அதே இடத்தில், அதே அளவில். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரம்மா அன்றே வீட்டுக்குப் போனார்.

"இத்தனை பேர் பாத்தோமே, ஒருத்தருக்கும் தோணலையே!" என்றார் தலைமை டாக்டர்.

"தும்மிட்டு வந்தவனுக்கே நாலு டெஸ்ட் எழுதறீங்க. இந்தப் பெட்டிக்கு ஒண்ணு எழுத ஏன் சார் கை வரலை?"