கறுப்பு அட்டை யாருக்கு?

வேலை செய்கிற இடத்துக்கு உறவுக்காரர்களை அழைத்துப் போகக் கூடாது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. போட்டிருந்தால் நிச்சயம் படித்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பாடப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் நான்தான் (அச்சகத்தின் முகவரியைக்கூட விடமாட்டேன்).

அமோனியாவோ அமிலமோ கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டேங்கர் ஓட்டுநர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் நான். எண்ணூரில் ஒரு பயிற்சி மையம். 'பாப்பா கேஸ் கம்பெனில டீச்சர்' என்று என் அப்பா, அதாவது நைனா, தான் லோடு ஏற்றும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். விளைவு, திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

தகுதிகாண் காலம் முடிகிற சமயம். நான் பொறுப்பேற்று ஒரு விபத்து ஒத்திகை நடத்த வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம்; வேலை நிரந்தரமானால் நைனா சுமை தூக்குவதை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசிவைத்திருந்தோம். ஆக, நைனாவின் முதுகு அந்த அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அடிபட்டவர்களாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் ஒத்திகைக்கு முதல் நாள் கைவிரித்துவிட்டார்கள். பரீட்சையாம். (பரீட்சை என்று சொன்னால் நான் கொலையையும் மன்னிப்பேன்.) அப்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்? நான் சீருடை போட்டு, விசில் ஊதி, ஆண்களை அதட்டுவதை அவர்களும் ஒருமுறை பார்க்கட்டுமே. உண்மையில் இந்த இரண்டாவது காரணம்தான் முதல் காரணம்.

அம்மா, நைனா, சித்தப்பா மூவரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா வண்ணாரப்பேட்டையில் எடுத்த புதுப் புடவை கட்டி, தலை நிறைய மல்லி வைத்திருந்தார். விஷவாயு தாக்கியவர் முகத்தில் இவ்வளவு பவுடர் இருக்காது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

அதிகாரி சஃபாரி சட்டையில் வந்தார். "நான் இங்கே இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாய் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

விபத்தில் அடிபட்டவர்களின் கையில் நிற அட்டை கட்டுவோம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவருக்குச் சிவப்பு. நடக்க முடிந்தவருக்குப் பச்சை. உயிர் போனவருக்குக் கறுப்பு. அவரைக் கடைசியாகத்தான் எடுப்போம். சித்தப்பா சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தார், ஆம்புலன்ஸில் ஏசி உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறாராம். அம்மாவுக்குப் பச்சை. கறுப்பை நைனாவுக்குக் கட்டினேன். அசையாமல் படுக்கச் சொன்னால் சந்தோஷப்படும் ஒரே ஆள் அவர்தான். நான் சொல்லும்வரை எழக் கூடாது என்றதும் தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிவிட்டார்.

அம்மா பக்கத்தில் வந்தார். "இந்தக் கறுப்புச் சீட்டு இன்னாத்துக்கு?"

வகுப்பில் சொல்வதுபோலவே கணீரென்று விளக்கினேன். அம்மாவின் கை கழுத்துத் தாலிக்குப் போனபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"உசுரோட கீற மன்சனுக்கு சாவு சீட்டு கட்டிகினு, அத்த எங்கிட்டயே பாடம் வேற எடுக்கறியா? அவுருடி அத்த."

"வேஷம்தாம்மா."

"வேஷத்துக்கு ஒங்க சித்தப்பன் கீறானே, அவனுக்குக் கட்டு."

சித்தப்பா தன் சிவப்பு அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். அம்மா நைனாவின் தோளை உலுக்கினார். நைனா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சொம்மா கெடடி. நான் எந்திரிச்சா பாப்பா வேல பூடும்." கண் மூடிக்கொண்டது.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. கட்டிய அட்டைகளில் ஒன்று குறைந்தாலும் என்னைத் தோற்கடித்துவிடுவார்கள் என்று அம்மாவிடம் கெஞ்சிவிட்டு, மைதானத்தின் மறுமுனைக்கு ஓடினேன். அங்கே மாதிரி டேங்கரில் புகையைத் திறந்து, மீட்புக் குழுவை உள்ளே அனுப்ப வேண்டும்.

குழுவில் எல்லோரும் முழுக் கவச உடை, முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர். வெளியே யார் கத்தினாலும் உள்ளே கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். அவர்களுக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: வாயு தாக்கியவர் குழம்பியிருப்பார், எனக்கு ஒன்றுமில்லை என்பார், உதைப்பார், எதையும் கேட்காதீர்கள், கையில் இருக்கிற நிறம்தான் பேச்சு.

என் மாணவர்கள் பாடத்தை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புகை கலைந்தபோது, சைக்கிள் ஸ்டாண்டை நோக்கி ஒரு ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுதான் எங்கள் பிணவறை. ஸ்ட்ரெச்சரில் நைனாவின் லுங்கி தெரிய வேண்டிய இடத்தில் சஃபாரி தெரிந்தது. விசிலை ஊதிக்கொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவரைத் தரையில் கிடத்தி, நீலத் தார்ப்பாயால் தலைவரை மூடி, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டிருந்தார்கள். தார்ப்பாய் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தது.

டேங்கர் ஓட்டுநர் முருகேசன் முகமூடியைத் தூக்கினார். "ரொம்ப ஒதைக்கறாரு மேடம். ஆனா சீட்டு கறுப்பு. அதான் மூடிட்டோம்."

தார்ப்பாயை விலக்கினேன். தலைமுடியெல்லாம் புழுதியோடு எழுந்து உட்கார்ந்த அதிகாரி, தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, இதை யார் கட்டியது என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் பின்னாலேயே வந்த அம்மா, கொஞ்சமும் அசராமல். "சீட்டு கொறையக் கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லிச்சு. நீங்களும் கண்ண மூடிகினு அசையாம கெடந்தீங்க, எங்க வூட்டுக்காரரும் அப்டிதான் கெடந்தாரு. அவுரு எனக்கு வேணும் சார்."

"கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார் அதிகாரி. குறட்டை விட்டும் யோசிக்கலாம் என்று சித்தப்பா முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் நைனாவின் ஞாபகம் வந்தது. ஓடினேன். கையில் அம்மாவின் பச்சை அட்டையோடு, கொளுத்தும் வெயிலில், போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தார். முகத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. ஓட்டவில்லை.

"எந்திரிக்கட்டுமா பாப்பா? பாஸாயிட்டியா?"

பின்னால் வந்து நின்ற அதிகாரியின் காதிலும் அது விழுந்தது. அவர் குனிந்து நைனாவின் முகத்திலிருந்த ஈயை ஓட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, அடுத்த மாதம் மறுபடி நடத்து, இந்த முறை பொம்மைகளை வைத்து நடத்து என்றார். அறிக்கையில் என்னைப் பற்றி எழுதியதை இங்கே சொல்ல விரும்பவில்லை. கடைசி வரி மட்டும்: 'நடித்தவர்களில் ஒருவர் இறுதிவரை கட்டளைக்குக் கட்டுப்பட்டார்.'

பொம்மைகள் என் பேச்சைக் கேட்டன. வேலை நிரந்தரமானது. 'பயிற்சியாளரின் உறவினர்களுக்கு ஒத்திகையில் அனுமதி இல்லை' என்று எங்கள் மையத்தில் இப்போது ஒரு விதி இருக்கிறது. அது எப்படி வந்தது என்று புதியவர்கள் கேட்டால், முருகேசனிடம் அனுப்பிவிடுவேன்.

நைனா சுமை தூக்குவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கி வரச் சொல்லி அம்மா எழுப்பினால், போர்வைக்குள்ளிருந்தே, "நான் கறுப்புச் சீட்டு. கடைசியா வந்து எடு" என்பார்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"அத்த அந்த ஆபீசருக்கு கட்டிட்டேன்யா. ஒனக்கு பச்ச. எந்திரிச்சு நட."