மூன்றாம் மாடியிலிருந்து இறங்கத் தடை

கர்ப்பிணிகள் மாடிப்படி ஏறுவது ஆபத்து என்று எங்கள் நில அளவை அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் அதைவிட மலிவான நல்ல எண்ணம் கிடையாது. மேலதிகாரி தம் கையாலேயே ‘இறங்குவதும்’ என்று சேர்த்து, கையெழுத்திட்டு, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நாங்களும் தலையாட்டினோம்.

அந்த நேரத்தில் அலுவலகத்தின் ஒரே கர்ப்பிணி மூன்றாம் மாடியில் இருந்தார்.

வரைபடப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன, காலையிலிருந்து தலைவலி வேறு. எதிர்த்தெரு டாக்டரம்மாவிடம் போய் உடனே ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். பையை மாட்டிக்கொண்டு படிக்கு வந்தவரை மேலதிகாரி மறித்தார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“டாக்டர்கிட்ட, சார்.”

“எதுக்கு?”

“உடம்பைப் பார்த்துக்கத்தான்.”

“அதுக்குத்தானே இறங்கக்கூடாதுன்னு போட்டிருக்கு.”

விதிவிலக்கு உண்டா என்று மெல்லக் கேட்டேன். உண்டாம். மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சான்றிதழ் தந்தால் இறங்கலாம். மருத்துவர் கீழே இருக்கிறாரே என்றேன். அதற்கு அலுவலகம் பொறுப்பேற்க இயலாது என்றார்.

அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட்டோம். ஆளாளுக்கு யோசனை சொன்னோம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் கணக்கர். கழிப்பறை இரண்டாம் மாடியில் இருப்பது ஞாபகம் வந்ததும், குடிக்க வேண்டாம் என்றார்.

கடைசியில் நானே ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவர் அந்தப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது.

“பிரஷர் ஏறியிருக்கு. இவங்களை உட்கார வெச்சு வேடிக்கை பார்க்கிறீங்களா? யூரின் டெஸ்ட் எடுக்கணும், இப்பவே கூட்டிட்டுப் போறேன்” என்று சான்றிதழை எழுதி நீட்டினார்.

மேலதிகாரி அதை இரண்டு முறை வாசித்துத் திருப்தியோடு நிமிர்ந்தார். அப்போதுதான் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பொத்தான்கள் எட்டாமல் நிற்பதைக் கவனித்தார்.

“மேடம், நீங்களுமா?”

“ஆமா. ஆறு மாசம்.”

“அப்ப நீங்க இறங்க முடியாதே.”

“நான் டாக்டர், சார்.”

“தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்க விதியில இடமில்ல, மேடம்.”

டாக்டரம்மா அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். இருவரும் கைப்பிடியைப் பற்றியபடி, நின்று நின்று, ஏதோ பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். மேலதிகாரி அதை ‘அனுமதியற்ற இறக்கம்’ என்று பதிவு செய்தார்.

சாயங்காலம், மருந்தில் அழுத்தம் அடங்கிவிட்டது, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்று செய்தி வந்தது. மேலதிகாரிதான் அடங்கவில்லை.

மறுநாள் புதிய சுற்றறிக்கை. மூன்றாம் மாடியில் கர்ப்பிணிகளின் எண்ணிக்கை ஒரே மதியத்தில் இரட்டிப்பாகியிருப்பது ஆழ்ந்த கவலைக்குரியது. காரணம் கண்டறியப்படும் வரை, மேற்படி மாடிக்கு வந்துபோகும் ஊழியர் அனைவரும், ஆண் பெண் பேதமின்றி, பரிசோதனைக்கு உட்பட்டுச் சான்றிதழ் பெற்ற பின்னரே கீழே இறங்க வேண்டும்.

சிரித்தோம். சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றோம். கணக்கரை மட்டும், தொப்பையை முன்னிட்டு, மறுபரிசோதனைக்கு நிறுத்தி வைத்தார்கள். எனக்கு ‘கர்ப்பம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நானும் வீட்டுக்குப் போக வேண்டுமே.