முதல் நாள் கூலி இல்லை

எண்பதாம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, தர்மபுரத்தில் புதிதாய்ப் போட்ட அரிசி மில்லுக்குள் நின்றவர்கள்: முதலாளி கனகலிங்கம், அவருடைய மனுசி கமலாசனி, அவளுடைய தம்பி பொன்னையா, வீட்டு நெல் ஐந்து மூட்டை, நிற்க மறுத்த எஞ்சின் ஒன்று.

மெக்கானிக் இல்லை. அவன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் போய்விட்டான். போகும்போது, "அண்ணை, நிப்பாட்டுறதையும் ஒருக்காக் காட்டிவிடட்டோ?" என்று கேட்டவன்தான்.

"ஓட்டத்தான் வாங்கினனான், நிப்பாட்ட இல்லை" என்று கனகலிங்கம் அனுப்பிவிட்டார்.

பத்தரைக்கு நெல் முடிந்தது. எஞ்சின் முடியவில்லை.

"நெல்லில்லாமல் வெறுமையா ஓடவிட்டால் குற்றுற மெசின்ரை கத்தி தேய்ஞ்சு போகும் எண்டு சொன்னவன்" என்றாள் கமலாசனி.

"அப்ப நிப்பாட்டு!"

"நானோ? வாங்கினது நீங்கள்."

பொன்னையா டீசல் குழாயை முறுக்கிப் பூட்டப் போனான். திருகி கழன்று கையோடு வந்தது. டீசல் வழக்கம்போல் ஓடியது.

"தாங்கியில எவ்வளவு கிடக்குடா?"

"விளிம்பு மட்டும், அத்தான். நல்ல காரியம், குறைவா இருக்கக் கூடாதெண்டு நிரப்பினனான்."

கனகலிங்கம் உலக்கையால் பெல்ட்டைத் தட்டிவிடப் பார்த்தார். பெல்ட் உலக்கையைப் பிடுங்கி, கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே எறிந்தது.

"ஆரையும் கூப்பிட்டுக் கேப்பமே, அத்தான்?"

"கேட்டால் ஊர் சிரிக்கும். நீ போய்ச் சொல்லு, நெல்லுக் குற்ற முதல் நாள் கூலி இல்லையாம் எண்டு. நெல்லு வரட்டும்."

வந்தது. கண்டாவளையிலிருந்துகூடச் சைக்கிளில் மூட்டை வந்தது. எல்லாரும் கனகலிங்கத்தின் தங்க மனசைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவர் டீசல் தாங்கியை எட்டிப் பார்த்தார்.

அடுத்த வளவு அன்னபாக்கியம் ஒரு பிடி அரிசியை அள்ளி முகத்துக்கு நேரே நீட்டினாள். "தம்பி, அரிசி நொறுங்குது. கொஞ்சம் மெதுவா ஓடவிடன்."

"சும்மா குற்றித் தாறன், அதிலை நொட்டையோ?"

"சும்மா எண்டால் தவிட்டையும் தா, மாட்டுக்கு."

தவிட்டையும் கொடுத்தார்.

மூன்று மணிக்கு வரிசை அற்றுப்போனது. மெசின் வெறும் வயிற்றோடு கிறீச்சிட்டது. மிஞ்சியிருந்தது சிறுபோகத்துக்கு வைத்த விதைநெல், நாலு மூட்டை.

"அதிலை கை வைக்காதேங்கோ! சித்திரையில என்னத்தை விதைக்கிறது? எஞ்சினையோ?"

"மெசின் போனால் நாங்களே போனோம், விசரி!"

ஒரு மூட்டையைக் கொட்டினார். பிறகு இன்னொன்றை. மூன்றாவதின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் மீனம்மா தலையில் ஒரு மூட்டையோடு வேர்த்து விறுவிறுத்து வந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பழனியாண்டியின் மனைவி. மத்தியானமே தன் ஒரு மூட்டையைக் குற்றிவிட்டு, போகாமல் சுவரோரம் குந்தியிருந்த பழனியாண்டி எழுந்து, அவள் மூட்டையை வாங்கிக் கொட்டினான். கடைசி மணியும் அரிசியாகி விழுந்ததும் சாக்கைக் கட்டினான். எஞ்சினுக்குப் பின்னால் போய்க் குனிந்தான். எதைத் தொட்டான் என்று ஒருவரும் காணவில்லை. எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

காதெல்லாம் கூவியது.

"என்னடா செய்தனி?"

"நிறுத்தினேங்க, மொதலாளி."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"தேயிலை ஃபெக்டரியில பதினோரு வருசம் எஞ்சின் ரூமுங்க. இதே எஞ்சின்தான்."

"மத்தியானம் தொட்டு இஞ்சதானே இருந்தனி! என்ரை விதைநெல்லு ரெண்டு மூட்டை போகுது, பாத்துக்கொண்டு இருந்தனி! வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"சொல்லத்தாங்க இருந்தேன்" என்றான் பழனியாண்டி. "வீட்டுக்காரி ரெண்டாவது மூட்டையோட வந்து சேர வேணாமா?"

"வெளியிலை போ!" என்று கத்தினார் கனகலிங்கம். ஊரிலேயே அந்த எஞ்சினை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளை மூட்டையோடு வெளியே தள்ளி, மில் கதவை அறைந்து சாத்தி, பூட்டிக்கொண்டார்.